கோலியாத்தின் நெற்றி

இன்று சமையலறையில் கனிந்த தக்காளி ஒன்று கைநழுவி விழுந்து சிதறியது. பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் புளிப்பு மணம் என்னைப் புத்தூர் வேதக்கோயில் மண்டபத்துக்கு இழுத்துப் போனது. எழுபதுகளின் கடைசி அது.

எங்கள் வாலிபர் சங்கத்தை நடத்திய செல்வம் அண்ணைதான், சிறுபிள்ளைகள் எங்களோடு வேதக் கதை நடிக்கும்போது எப்போதும் கோலியாத். தலையில் பனையோலைக் கடகப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு பின்கதவால் உறுமியபடி வருவார். தாவீதாக நிற்கும் நான் கல்லுக்குப் பதில் தக்காளியால் நெற்றிக்கு எறிவேன். சிவப்புச் சாறு வழியத் தொப்பென்று விழுவார். மண்டபமே சிரிப்பால் அதிரும்.

"கோயிலுக்குள்ளை என்ன கூத்து?" என்று போதகர் சினந்தால், "சிரிச்ச பிள்ளையள் வேதத்தை மறக்காதுகள், ஐயா" என்பார் அண்ணை.

ஒரு ஞாயிறு மாலை அவர் கடகத்தோடு வந்து நின்றதும், அதே பின்கதவால் மூன்று பொலிஸ்காரர் புகுந்தார்கள். இயக்கத்து இளைஞர்களைத் தேடி அவர்கள் ஊரை உலுக்கிய காலம். நாங்களோ அவர்களையும் கோலியாத்தின் பெலிஸ்தர் படை என்று நினைத்தோம். ஒருவன் துவக்குப் பிடியால் அண்ணையின் தலையில் இடித்தான். கடகம் பிய்ந்தது. நெற்றி சிவக்க அவர் தொப்பென்று விழுந்தார். நாங்கள் கைதட்டிச் சிரித்தோம்.

"என்ன சிரிப்பு?" என்று கொச்சைத் தமிழில் கத்தியவன், சப்பாத்துக் காலால் அவர் வாயில் மிதித்தான். பல் ஒன்று தெறித்தது. மடையர்கள் நாங்கள், அப்போதும் சிரித்தோம்.

"சிரியாதேங்கோ, பிள்ளையள்," என்றார் அண்ணை தரையில் கிடந்தபடி.

அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. நான் குனிந்து பார்த்தேன். எறிய வேண்டிய தக்காளி உடையாமல் என் கையிலேயே இருந்தது.