ரீட்டா வராத நாள்

கஞ்சி போட்ட வெள்ளைப் பொப்ளின் துணியின் வாசம் மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் பக்தி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. ஆயர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசும் உறுதிபூசுதல் சடங்குக்காக என் தங்கை செலினுக்கு அம்மா தைத்த சட்டை அது. பத்து வயதில் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் கடற்கரைக் கோவிலின் பீடத்துக்கு முன்னால் அவள் வரிசையில் நின்றாள்; பன்னிரண்டு வயதுக்காரனான நானும் அதே வரிசையில் நின்றேன்.

எங்களுக்கு "ஞானோபதேசம்" சொல்லித்தந்த உபதேசியாருக்குத் திருச்சபையின் பெருமை பேசாவிட்டால் சோறு இறங்காது. "உலகத்துக்குப் படிப்பைக் குடுத்ததே நாங்கள்தான், பிள்ளையள்" என்பார். நாங்களாம்! அந்தத் திருச்சபையின் பழைய அறிஞர்கள், கடவுள் உண்டா என்ற கேள்வியையே முதலில் எழுதி, இல்லை என்பவனின் நியாயங்களையெல்லாம் அடுக்கி, அதன் பிறகே தங்கள் பதிலைச் சொன்னார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. விசுவாசமும் பகுத்தறிவும் நூற்றாண்டுக்கணக்காக மல்லுக்கட்டியும் கைகோத்தும் நடந்துவந்த அவ்வளவு பெரிய கதை, எங்கள் உபதேசியாரிடம் வந்துசேர்ந்தபோது ஆளுக்கொரு பதிலாகச் சுருங்கியிருந்தது. எண்ணெய் பூசுமுன் ஆயர் ஞானோபதேசப் புத்தகத்தின் ஒழுங்கிலேதான் கேள்வி கேட்பார் என்பதால், வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரேயொரு பதிலை மட்டும் பாடமாக்கித் தந்திருந்தார், அந்த மேதை.

அன்று காலை, எனக்கு முன்னால் நிற்கவேண்டிய ரீட்டா "கொப்பளிப்பான்" அம்மை வந்து வீட்டில் படுத்துவிட்டாள். வரிசையில் எல்லாரும் ஓரிடம் முன்னே நகர்ந்துவிட்டதை உபதேசியார் கவனிக்கவில்லை.

"கடவுள் எத்தனை பேர்?" என்று ஆயர் என்னிடம் கேட்டார். அது ரீட்டாவின் கேள்வி, "ஒருவர்" என்பது அவளுக்குத் தந்த பதில். நான் என் பதிலைச் சொன்னேன்: "மூன்று, ஆண்டகை." கடவுளுக்குள் எத்தனை ஆட்கள் என்ற என் கேள்வி அடுத்தவனிடம் போக, அவன் "எங்கும் இருக்கிறார்" என்றான். கடவுள் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி அவனுக்குப் பின்னால் நின்ற அந்தோனியிடம் போனது. கடவுளுக்கு உடல் உண்டா என்பதற்குரிய பதிலை வைத்திருந்த அவன், கோவில் அதிர, "இல்லை!" என்றான்.

ஆயர் கேட்டாரோ தூங்கினாரோ, தலையாட்டிக்கொண்டே வந்தார். கடவுளுக்கு உடல் உண்டா என்று செலினிடம் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லை, ஆண்டகை. ரீட்டா வரேல்லை, அதாலை எல்லாரும் மாறிச் சொல்லுகினம்."

உபதேசியார் அவளைக் கையில் பிடித்து வெளியே இழுத்தார். "வாய்க்காரி! அடக்கத்தைப் படிச்சுக்கொண்டு அடுத்தமுறை வா." மூன்று கடவுள் என்ற எனக்கும், இல்லையென்ற அந்தோனிக்கும் நெற்றியில் எண்ணெய் பூசினார்கள், யோசித்தவள் வாசலில் நின்று அழுதாள். நான் வாயே திறக்கவில்லை. காறித் துப்புவதென்றால் என்னையும் சேர்த்துத்தான். அடுத்தமுறை ஆயர் வந்தபோது சண்டை மூண்டு நாங்கள் ஊரில் இல்லை; செலினுக்கு உறுதிபூசுதல் பிறகு நடக்கவேயில்லை.

செலின் இன்று கொக்குவிலில் கணக்கு ரீச்சர். ஞாயிறு பூசை தவறவிடாதவள். போன மாதம் என் பேத்தியின் திருமுழுக்குக்கு அவளை, பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கும் ஞானத்தாயாக எழுதக் கேட்டேன். எங்கள் கோவில் பங்கில் இப்போது எல்லாவற்றுக்கும் பொறுப்பு, அன்று வரிசையில் நின்ற அதே அந்தோனிதான்.

"உறுதிபூசுதல் எடுக்காத ஆளை ஏற்க ஏலாது. வேணுமெண்டால் சின்னப்பிள்ளையளோடை இருந்து படிக்கட்டும், கேள்வி கேளாமல்" என்றான்.

"அண்டைக்கு ஆயருக்கு நீ சொன்ன பதில் ஞாபகமிருக்கோ?"

"ஏன், சரியாத்தானே சொன்னனான்!"

அந்தப் புத்தகம் இப்போது அச்சில் இல்லை, உபதேசியார் மண்ணுக்குள், பொப்ளின் சட்டை இடப்பெயர்வில் போய்விட்டது. நான் கொதித்துக்கொண்டு வந்து நடந்ததைச் சொன்னபோது, செலின் கொப்பி திருத்துவதை நிறுத்தாமலே சிரித்தாள்.

"விடுங்கோ அண்ணை. உவனுக்கு இன்னும் ரீட்டா வந்து சேரேல்லை."