பெட்டிக்குள் இருந்த வில்

பதுளையில் வயலின் சொல்லிக்கொடுத்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், பிள்ளைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் சொல்லித் தப்பித்துவிடுவேன். பொறாமையைப் பற்றி வாய் திறந்ததில்லை. அறுபது வயதும் தாண்டிவிட்டது. இனி யாருக்கு ஒளிக்க?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவருக்குத் தபால் கந்தோரில் இடமாற்றம் வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்குப் போனோம். என் வயலினும் இரண்டு வில்லும் கூடவே வந்தன. கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைக் காலைகளில் நான்கு பிள்ளைகளோடு வகுப்பைத் தொடங்கினேன். ஐந்தாறு வருடத்தில் அது பதினெட்டுப் பிள்ளைகளும் ஒன்பது வயலின்களுமாக வளர்ந்தது. ஒரு பிள்ளை வாசிக்கும்போது அடுத்த பிள்ளை பக்கத்தில் தாளம் போட்டபடி தன் முறைக்குக் காத்திருக்கும்.

அந்தப் பெற்றோரைப் போன்ற மனிதரை நான் பிறகு எங்கும் காணவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். மண்டபத்தின் பின்பக்கம் பாய் விரித்து உட்கார்ந்து கடைசிவரை கேட்பார்கள். கடைக்காரர் ஒருவரின் மனைவி வாளியில் இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டுவருவார். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வரும் தாய்மார் அவித்த கௌபிப் பயறு கொண்டுவருவார்கள். யார் பிள்ளை வாசித்தாலும், எவ்வளவு அபசுரமாக வாசித்தாலும், எல்லோரும் கை தட்டுவார்கள்.

"பிழையா வாசிச்சாலும் கை தட்டுறியள். பிள்ளை எப்பிடித் திருந்தும்?" என்று ஒருநாள் சீறினேன். "சரிங்க டீச்சர்" என்று சொல்லி, அதற்கும் கை தட்டினார்கள். அவர்களை என்னதான் செய்வது?

வெளியே கோபம் காட்டினாலும், அந்த மண்டபத்துக்கு நான்தான் ராணி என்று எனக்குத் தெரியும். விஜயதசமியன்று அது ஊருக்கே தெரியும். முதல்நாள் சரஸ்வதி பூசைக்கு எல்லா வயலின்களையும் கொலுப்படிக்கு முன்னால் வைத்துவிடுவோம். மறுநாள் காலை ஐயர் பூசை முடித்து எடுத்துத் தரும்வரை யாரும் அவற்றில் கை வைக்கக்கூடாது. எடுத்ததும் பிள்ளைகள் வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து எனக்கு வெற்றிலை பாக்குத் தந்து காலில் விழுவார்கள். வருடம் முழுக்கப் பட்ட பாடெல்லாம் அந்தப் பதினெட்டு வெற்றிலையோடு மறந்துபோகும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடத்தில் அவள் வந்தாள். மடுல்சீமையில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடொன்றில் பிறந்து, சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கி, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியையாக நியமனம் பெற்றவள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"டீச்சர், சனிக்கிழமைல நானும் வரட்டுங்களா? சின்னப் புள்ளைங்கள மட்டும் பாத்துக்கிறேன். நீங்க சொல்றபடி செய்றேன்" என்றாள்.

பிள்ளைகள் கூடிப்போயிருந்த நேரம். நானும் பெரிய மனசு பண்ணி, மண்டபத்தின் கிழக்கு மூலையை அவளுக்கு ஒதுக்கினேன். அடங்காத சின்னதுகள் ஏழு பேரை அவளிடம் தள்ளிவிட்டேன். ஒரு மாதத்தில் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் ஓடவில்லை. மூலையில் சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. என் வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. நான் பிள்ளைகளின் வயலினில் விரல் வைக்கவேண்டிய இடங்களில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன்; கண்ணால் பார்த்து விரலை வைத்தால் சுரம் வந்துவிடும். அவளோ அந்தப் பிளாஸ்டர்களை உரித்துவிட்டு, வயலினைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, பிள்ளைகளைப் பாடவிட்டாள். நடந்துகொண்டு பாடச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு பாடச் சொன்னாள்.

"இது வாய்ப்பாட்டு வகுப்பில்லை" என்றேன்.

"வாயில வராதது வெரல்ல எப்புடிங்க டீச்சர் வரும்?" என்று கேட்டாள். உண்மையாகவே என்னிடம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

அன்றிலிருந்து அவளிடம் எனக்குப் பிடிக்காதவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தேன். வில்லைப் பிடிக்கும்போது அவளுடைய சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு நிற்கும். சேலைக்குப் பொருந்தாத ஸ்வெட்டர். பெரகலையில் பஸ் மாறி, மழையில் நனைந்து பத்து நிமிடம் பிந்தி வருவாள். பாயில் இருக்கும் தாய்மார் எழுந்து, தங்கள் துவாயால் அவள் தலையைத் துவட்டிவிடுவார்கள். எனக்கு எட்டு வருடமாகத் தேத்தண்ணீர் தந்தார்கள். ஒருவரும் தலை துவட்டிவிடவில்லை. நான் ஒருநாளும் நனைந்து வந்ததில்லை, வீடு கோவிலுக்குப் பக்கம் என்பதெல்லாம் அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

பிறகுதான் பெரிய அடி விழுந்தது. எனக்கு ஒரே மகள். அப்போது பத்து வயது. நாலு வயதிலிருந்து என்னிடம் வயலின் பழகியவள். ஒரு சனிக்கிழமை, வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு, கிழக்கு மூலையைக் காட்டிக் கேட்டாள்:

"அம்மா, நான் மிஸ்ஸின்ர பக்கத்தில போய் இருக்கட்டே?"

பின்னால் பெற்றோர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன், போய் இருமன்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு மாதத்தில் மகள் அந்த மூலையில் "வாங்க மிஸ், இருக்கு மிஸ்" என்று மலைநாட்டுப் பேச்சுப் பேசப் பழகிவிட்டாள். வீட்டில் ஒரு பேச்சு, அங்கே ஒரு பேச்சு. அங்கே பேசும்போது அவள் குரலில் இருந்த குஷி வீட்டில் இல்லை. சமைக்கும்போது அவள் பாடுவது கேட்கும். சுருதி சுத்தமாக இருக்கும். நான் தாளிக்கும் சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன்.

அந்த வருடம் நவராத்திரி நெருங்க நெருங்க எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். விஜயதசமியன்று மகள் யாருக்கு வெற்றிலை கொடுக்கப் போகிறாள்? மற்றப் பிள்ளைகள் யாருக்காவது கொடுக்கட்டும். இவள் அவளுக்குக் கொடுத்தால், அந்த மண்டபத்தில் நான் எப்படி நிமிர்ந்து நிற்பேன்? போதாக்குறைக்கு, மகள் அன்று முதல்முறையாகத் தனியாக ஒரு கீர்த்தனை வாசிக்கப்போகிறாள் என்று கிழக்கு மூலைக்காரி அறிவித்துவிட்டாள். பெற்றோர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சரஸ்வதி பூசையன்று என் வயலினையும் வில்லையும் கொலுப்படிக்கு முன்னால் வைத்தேன். வெறும் பெட்டி மண்டபத்துச் சுவரோரம் கிடந்தது. முழுக்க வெறும் பெட்டியும் இல்லை. அதன் மூடிக்குள் துணி சுற்றிய என் இரண்டாவது வில் இருந்தது. அதை நான் வெளியே எடுப்பதில்லை. அப்படி ஒன்று இருப்பது, வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைத் துடைத்துவைக்கும் என் மகளுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததிலிருந்து மழை. ஐயர் பூசை முடித்து வயலின்களை எடுத்துத் தந்தார். சின்னவன் ஒருவன் வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தான். சத்தம் வரவில்லை. அடுத்தவள் இழுத்தாள், அதிலும் இல்லை. ஒன்பது வில்லும் தந்தியில் வழுக்கிக்கொண்டு ஊமையாகப் போய் வந்தன. என் வில்லை எடுத்துப் பார்த்தேன். கையெல்லாம் தேங்காய் எண்ணெய்.

பெற்றோரில் ஒருவர் தேயிலை ஆலையில் மெஷின் பார்ப்பவர். ஆயுத பூசைக்கு ஆலையில் எல்லா மெஷினையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பொட்டு வைப்பது அவர் வேலை. முதல்நாள் பூசை தொடங்கும் முன்பு, கொலுப்படிக்கு முன்னால் இருந்த வயலின்களைத் துடைத்துவைக்கிறேன் என்று அவராகவே முன்வந்தார். மரத்தைத் துடைத்தார், பொட்டு வைத்தார். வில்லில் கட்டியிருக்கும் குதிரை மயிரையும் விட்டுவைக்கவில்லை.

"முடி காஞ்சு கெடந்துச்சுங்க டீச்சர். எண்ணெ பாத்து எத்தன நாளாச்சோன்னு நெனச்சுத் தடவிட்டேன்" என்றார். அந்த மயிரில் ரெசின் பொடி தேய்த்தால்தான் தந்தியைப் பிடிக்கும், எண்ணெய் பட்டால் கதை முடிந்தது என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? பெரிய மனிதர், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒருவர் கூட அவரை ஏசவில்லை. "விடுங்கண்ணே, சாமிக்குத்தானே செஞ்சீங்க" என்று முதுகைத் தடவினார்கள்.

அப்போது அவள் என்னிடம் வந்தாள். பக்கத்தில் என் மகள்.

"டீச்சர், ஒங்ககிட்ட வேற வில்லு ஏதும் இருக்குங்களா? எனக்கு வேணாங்க, பாப்பாவுக்கு மட்டும் போதும். ஒரு மாசமா தூங்காம பாடம் பண்ணியிருக்கா."

நான் நின்ற சுவரோரத்தில், பெட்டி என் காலடியில் இருந்தது. குனிந்து மூடியைத் திறந்தால் போதும். மகள் தனியாக உட்கார்ந்து வாசிப்பாள், மண்டபம் வாயடைத்துப் போகும். எல்லோரும் என் முன்னால் நிற்பவளைப் பார்த்து, "மிஸ் என்னமாப் பழக்கியிருக்காங்க" என்பார்கள். நாலு வயதில் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தந்தியில் வைத்தவள் நான். அது ஒருவருக்கும் நினைவு வராது.

"இல்லை. என்னட்டை வேற வில் இல்லை" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"இந்த முறை வாசிப்பை விட்டிட்டுப் பூசையோட முடிப்பம்" என்றும் சொன்னேன். சொல்லும்போது மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்ததை மறைக்கமாட்டேன்.

"பாடிடலாங்க டீச்சர்" என்றாள் அவள். "புள்ளைங்களுக்குத்தான் பாட்டாவே தெரியுமே."

பிள்ளைகளை வட்டமாக இருத்தினாள். அவளுடைய சின்னதுகள் வயலினை மடியில் போட்டு விரலால் தந்தியை மீட்டிக்கொண்டு பாடின. நடுவில் என் மகள், எண்ணெய் வில்லைத் தரையில் வைத்துவிட்டு, அந்தக் கீர்த்தனையைத் தனியாகப் பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கூரையில் மழை கொட்டியது. அதற்கு மேலாலும் ஒவ்வொரு சுரமும் நின்றது. அழுத மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளம் போட்டார்.

என் பிள்ளைகள் பதினொரு பேரும் சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்குப் பாட வராது. நான் பழக்கவில்லை. ஒருத்தி குனிந்து தன் வயலினில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டரைப் பார்த்தாள், அதில் ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல. பிறகு ஒவ்வொருவராக நகர்ந்து அந்த வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து முணுமுணுக்கத் தொடங்கினார்கள். என்னிடம் கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. அதன் பிறகு வெற்றிலை. என் பிள்ளைகள் வந்தார்கள், தந்தார்கள், விழுந்தார்கள். நான் கையை நீட்டி வாங்கினேனே தவிர, கண் கிழக்கு மூலையிலேயே இருந்தது. அங்கே அவள் தன் பிள்ளைகளிடம் குனிந்து, "எனக்கு வேணாம். மொதல்ல பெரிய டீச்சருக்குக் குடுத்துட்டு வாங்க. அவங்க இல்லாட்டி இந்த வகுப்பே இல்ல" என்று சொல்வது காதில் விழுந்தது.

ஏழு சின்னதுகளும் வரிசையாக வந்தன. கடைசியில் என் மகள் வந்தாள். நான் அத்தனை நாள் ஏங்கிய வெற்றிலையை இரண்டு கையாலும் என் கையில் வைத்தாள். காலில் விழுந்து எழும்பினாள். ஆசீர்வாதம் பண்ண அவள் தலையில் கை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அம்மா, நான் மிஸ்ஸிட்டச் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு மூலைக்குத் திரும்பிப் போனாள். வெற்றிலையைப் பிடித்த என் கையில் எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது. பெட்டி காலடியிலேயே இருந்தது.