ஒரு முறைதான் சொல்வார்கள்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல்லைத் தவிர வேறெதுவும் பேசாத ஒரு கிராமத்திலிருந்து போய், வெளியே எதுவுமே தெரியாத மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டக் கற்றவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் என் பெருமையில் பெரும்பங்கு மேகத்தைப் பற்றியதல்ல. தரையில் நின்ற இடத்திலேயே, காதில் விழுந்ததைச் சரியாக எழுதிக்கொள்ளக் கற்றதைப் பற்றியது.

கிளியரன்ஸ் என்று அதற்குப் பெயர். விமானம் கிளம்புவதற்கு முன்னால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் ரேடியோவில் ஓர் உத்தரவு தருவார். எந்த ஊருக்கு, எந்த வழியில், ஏறியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை அடி வரை ஏறலாம், ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் எண் என்ன, எல்லாம் ஒரே மூச்சில் வரும். தொடையில் கட்டியிருக்கும் அட்டையில் அதைச் சுருக்கமாகக் கிறுக்கிக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் ‘ரீட்பேக் கரெக்ட்’ என்பார்கள். எதையாவது விட்டுவிட்டால் ‘சே அகெய்ன்’ என்று மறுபடி கேட்கலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் எப்போது பார்த்தாலும் மறுபடி கேட்கிறவளை நம்பி யார் விமானத்தைக் கொடுப்பார்கள்?

நான் எப்போது பார்த்தாலும் கேட்டேன். ஊரும் வழியும் எழுதிவிடுவேன், உயரம் வரும்போது கை தடுமாறும். என் பயிற்சிப் பள்ளி வேறு மாநிலத்தில் இருந்தது. அங்கே விமானங்கள் பழுதுபார்க்கப் போன சமயத்தில் எங்களுக்கு விடுமுறை விட்டார்கள். கிளம்பும்போது பயிற்றுநர் என்னைத் தனியாக நிறுத்தி, “நீ நன்றாகவே ஓட்டுகிறாய். ஆனால் திரும்பி வந்தும் கிளியரன்ஸில் இப்படியே திணறினால் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னதால் ரயிலில் ஊர் வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் எனக்குக் கோபுரம் நைனாதான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பிளஸ் டூ படித்தவர், அதற்குப் பிறகு வயலோடு சரி. வயலிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, நான் கொண்டுவந்திருந்த மாதிரி கிளியரன்ஸ் தாள்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். நான் எதிரே உட்கார்ந்து எழுதுவேன். “இந்த இங்கிலீசு பூசைக்கு நான் வர்ல” என்று அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவார். விமானத்தின் இரைச்சலுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் ஒரு தப்புகூட வரவில்லை. உயரம்கூடக் கச்சிதமாகத் தாளில் விழுந்தது. வீடு முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அது அண்ணிக்குப் பொறுக்கவில்லை. அண்ணிக்குச் சொந்த ஊர் ஆந்திர எல்லைக்குப் பக்கம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவருக்கும் எனக்கும் அவ்வளவாக ஒட்டாது. வீட்டில் இரண்டு வாயாடிகள் இருந்தால் எப்படி ஒட்டும்? அன்று ஷிப்ட் முடிந்து வந்தவர் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னாமே, தெனம் இதே பாட்டு பாடிக்கினு கீறீங்க? குடு, நான் ஒரு தபா படிக்கிறேன்.”

படித்தார். அதைப் படித்தது என்று சொல்லக் கூடாது, கொட்டினார். இயந்திர இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. முற்றுப்புள்ளி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு வழியில் பாதி போயிற்று, உயரம் முழுசாகப் போயிற்று.

“சே அகெய்ன்” என்றேன்.

“அதெல்லாம் இல்ல. ஒரு தபாதான்.”

அடுத்த தாள், அதற்கடுத்த தாள், எல்லாவற்றிலும் உயரம் காலி. பென்சிலை வீசி எறிந்தேன். “உங்களுக்குப் படிக்கத் தெரியல அண்ணி! டவர்ல யாரும் இந்த மாதிரி உளற மாட்டாங்க!”

அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “சரி, எனக்குப் படிக்கத் தெர்ல. மாமா, நீங்க படிங்க” என்று தாளை நைனாவிடம் நீட்டினார். நைனா படித்தார். நான் எழுதினேன். எல்லாம் சரி. பார்த்தாயா என்பது போல நிமிர்ந்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நம்பர் வர்றதுக்கு முன்னாடி மாமா ஒரு தபா நிறுத்திட்டு உன் மூஞ்சப் பாக்குறாரு. நீ ரெடியானப்புறம்தான் வாயத் தொறக்குறாரு. டவர்ல குந்திக்கினு கீறவன் உன் மூஞ்சப் பாத்தா சொல்லுவான்?”

உண்மைதான். அந்தச் சின்ன நிறுத்தத்தைத்தான் என் கை கற்றுக்கொண்டிருந்தது. உயரத்தை நான் காதால் பிடிக்கவேயில்லை, நைனாவின் மூச்சுக்காகக் காத்திருந்து பிடித்திருக்கிறேன். நைனாவுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“எழுதிக்கினு கீற புள்ள மூஞ்சப் பாக்காம எப்டிம்மா சொல்றது?” என்றார்.

சோறு ஊட்டுகிறவர்கள் முந்தைய வாய் உள்ளே போய்விட்டதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அன்று முழுக்க அண்ணியோடு பேசவில்லை. ஆனால் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், தேர்வு தேர்வுதானே. மறுநாள் அவர் வேலையிலிருந்து வந்ததும் நானே தாள்களை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன். “இப்ப வந்தியா வழிக்கு” என்றார்.

அதன் பிறகு அண்ணிதான் கோபுரம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பார், துணி உலர்த்திக்கொண்டே படிப்பார். தாளில் இருக்கும் எண்ணை இஷ்டத்துக்கு மாற்றுவார். நாலாயிரம் என்றிருக்கும் இடத்தில் ஏழாயிரம் என்பார். பழக்கதோஷத்தில் நான் நாலாயிரம் எழுதினால் போச்சு, இரவுச் சாப்பாடு வரைக்கும் கிண்டல்தான். வர வேண்டியதை எழுதாதே, வந்ததை எழுது என்று பள்ளியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அண்ணியின் கிண்டலுக்குப் பயந்துதான் அது எனக்குள் இறங்கியது.

நைனா சாயங்காலமானால் பம்ப்செட் பக்கம் போய்விடுவார். மனசு நொந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வயல்காரர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, “அவுரு வரப்புல நின்னுக்கினு இங்கிலீசுல பேசுறாரும்மா, டாக்டராண்ட காட்டுங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா பயந்தே போனார். நானும் பயந்தேன்.

நான் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது நைனா கூடத்துக்கு வந்து தன் நாற்காலியைத் தூக்கினார். சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“இப்ப எழுது பாப்பா.”

படித்தார். அண்ணி அளவுக்கு வேகம். எங்கும் நிறுத்தம் இல்லை, மூச்சும் கேட்கவில்லை. எனக்கிருந்த ஆச்சரியத்தில் உயரத்தைக் கோட்டைவிட்டேன். ‘சே அகெய்ன்’ என்று கேட்டேன். அவர் தோள் லேசாக அசைந்தது. திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பவில்லை.

“ஒரு தபாதான்” என்றார். 

எத்தனையோ பேர் என்னை ஊக்கப்படுத்தியிருக்கிறார்கள், கைதட்டியிருக்கிறார்கள். அந்த முதுகை விட எனக்குப் பெருமையான இன்னொன்றை யாரும் தந்ததில்லை. அடுத்த தாளில் நான் எதையும் விடவில்லை.

பள்ளிக்குத் திரும்பினேன். பயிற்றுநர் சோதித்துப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நடத்த வந்தவர் சிரிப்பைச் செலவழிக்காத மனிதர். என் வலப்பக்கம் உட்கார்ந்தார், அவர் மடியிலும் ஓர் அட்டை. நாங்கள் தந்திருந்த பயணத் திட்டத்தில் நாலாயிரம் அடி கேட்டிருந்தோம்; முந்தின இரவே போனில் நைனாவிடமும் அதைச் சொல்லியிருந்தேன். கிளியரன்ஸுக்குத் தயார் என்று சொன்னதும் கோபுரத்திலிருந்து ஒரு பெண் குரல் கொட்டத் தொடங்கியது. அண்ணியைக் கேட்ட காதுக்கு அது நிதானமாகவே இருந்தது. வழி, திருப்பம், உயரம், எண், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். திருப்பிச் சொல்ல வாயைத் திறக்கும்போது பக்கத்திலிருந்தவர் தன் அட்டையைப் பார்த்தபடியே, “நாலாயிரம்” என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்.

என் அட்டையில் மூவாயிரம் என்று இருந்தது.

 எத்தனையோ வருடமாகப் பறக்கிறவர், திட்டத்திலும் நாலாயிரம்தான். பென்சில் தானாகவே அந்த எண்ணின் மேல் போய் நின்றது. ஆனால் நான் கேட்டது மூவாயிரம். என் முகத்தைப் பார்த்து யாரும் சொல்லவில்லை, எங்கும் நிறுத்திச் சொல்லவில்லை, நான் கேட்டேன். பொத்தானை அழுத்தி, மூவாயிரம் என்றே திருப்பிச் சொல்லி முடித்தேன்.

“ரீட்பேக் கரெக்ட்” என்றது கோபுரம்.

அவர் தன் அட்டையில் எதையோ அடித்து எழுதினார். அவருக்குத் தப்பாகக் கேட்டதா, என்னைச் சோதித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அதற்குப் பிறகு மேகமும் கருவிகளும் தரையிறக்கமும் நன்றாகவே போயின. இறங்கியதும் கைகொடுத்து, “யூ ஹேவ் குட் இயர்ஸ்” என்று என் காதைப் பாராட்டினார். அப்போதுகூடச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு போன் போட்டேன். அண்ணி எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார். “பாஸ்” என்றேன். அம்மா சாமி பேரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அண்ணி, “நான் படிச்ச படிப்பு, பாஸ் ஆவாம இன்னா பண்ணும்?” என்றார். நைனா கடைசியாகத்தான் போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

“அத்த வுடு பாப்பா. கிளியரன்ஸ் இன்னா குட்த்தாங்க?”

ஒரே மூச்சில் சொன்னேன்.  பிறகு நைனா முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்ததும் குரலை உயர்த்தினார்.

“இன்னாது, மூணாயிரமா? நாம நாலாயிரம்தான கேட்டோம்? இன்னாத்துக்குக் கொறச்சாங்க?”

நிஜமாகவே கோபம். மேலே இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது, அதனால்தான், கொஞ்ச தூரம் போனதும் நாலாயிரம் கொடுத்துவிட்டார்கள் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. “அப்டியா? அப்ப சரி” என்று அவர் சமாதானமான பிறகுதான் எனக்குத் தேர்வு முடிந்த மாதிரி இருந்தது.