ஓரத்தில் எரிந்த விளக்கு

திருக்கடையூரில் என் அக்காவுக்கும் அத்தானுக்கும் அறுபதாம் கல்யாணம். படம் எடுத்தது நான். மூக்குக்கண்ணாடி இடிப்பதால் கேமராவில் கண் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி மட்டுமே தெரியும், ஓரங்கள் தெரியாது.

“ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க” என்றேன்.

“எதுவரைக்கும்டா? நம்ம ஊர் பாபநாசத்துக்கேவா?” என்று சிரித்தபடி அக்கா நகர்ந்தாள்.

திடீரென்று அத்தான் அலறினார். ஓரத்திலிருந்த குத்துவிளக்கில் பட்டு அக்காவின் முந்தானை எரிந்தது! குருக்கள் அபிஷேகக் கலச நீரை அப்படியே ஊற்றி அணைத்தார். அபிராமி அம்மன்தான் காப்பாற்றினாள்.

பிறகு கடையில், கேமராவில் கண் வைக்கும் இடத்தில் பொருத்தும் பவர் லென்ஸ்கள் நாலைந்தை மாட்டிப் பார்த்து, என் தூரப்பார்வைக்கு ஒத்துவந்ததை வாங்கினேன். இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கிறேன். நான்கு மூலையும் தெரிகிறது. ஆனாலும் யாரையும் பின்னால் போகச் சொல்வதில்லை. நானே நகர்ந்துகொள்கிறேன்.