திரும்பி வந்த குமிழ்

பழுது பார்க்கிறவனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. அதிலும் என் வேலை, கடையில் கிடைக்காத உதிரிபாகத்தை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்து கொடுப்பது. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு இயந்திரங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சின்னத் துண்டு உடைந்ததற்காக முழுப் பொருளும் குப்பைக்குப் போகக்கூடாது என்பது என் கொள்கை. வாடிக்கையாளரிடம் கொள்கை பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

காதர் பாயின் மின்விசிறி

தொடங்கிய புதிதில், பக்கத்து மளிகைக்கடை காதர் பாய் தன் மின்விசிறியின் வேகக் குமிழைக் கொண்டுவந்தார். வருடக்கணக்காகத் திருகித் திருகி உள்துளை தேய்ந்து, பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றியது. ஸ்கேன் செய்து அப்படியே அச்சடித்தேன். பளபளவென்று வந்தது. பாய் மாட்டித் திருகினார். அதுவும் சும்மா சுற்றியது. தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய் கோபப்படவில்லை.

"தம்பி, புதுசா ஒரு பழசு செஞ்சு குடுத்திருக்கீங்க."

மைலோ நிறம்

அதிலிருந்து, தேய்ந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் நிரப்பிவிட்டுத்தான் அச்சடிப்பது என்று வைத்துக்கொண்டேன். பாயின் குமிழைப் போலக் கெட்டுப்போனவற்றையும் எறிவதில்லை. அரைத்து, உருக்கி, மறுபடி பிளாஸ்டிக் இழையாக்கிவிடுவேன். எல்லா நிறமும் கலந்தால் கடைசியில் மைலோ பானத்தின் பழுப்பு நிறம்தான் வரும்.

ஆங் மோ கியோவிலிருந்து ஓர் இளம்பெண் வாஷிங் மெஷின் குமிழ் கேட்டு வந்தார். அந்த இழையில் செய்து கொடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தும் என்றேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பை, கடல், வருங்காலம் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். முழுதும் பொறுமையாகக் கேட்டார்.

"பூமியைக் காப்பாத்துங்க அண்ணே, ஓகே லா. கொஞ்சம் வெள்ளையா காப்பாத்த முடியாதா?"

பிடோக் வசந்தி அக்கா

வசந்தி அக்கா மோட்டார் சக்கர நாற்காலியில் வேலைக்குப் போய்வருகிறவர். ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை. நாற்காலியை ஓட்டும் குச்சியின் குமிழ் கீழே விழுந்து இரண்டாகிவிட்டது. அந்த மாடலே இப்போது வருவதில்லை, புது நாற்காலி வாங்குங்கள் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு நாளாக வீட்டுக்குள்ளேயே இருந்தார். "இன்னும் ஒரு நாள் லீவுதான் தம்பி இருக்கு. அதுக்கு மேல அவங்க வேற ஆள் பார்த்துருவாங்க" என்றார் போனில்.

உடனே போய் இரண்டு துண்டுகளையும் வாங்கிவந்தேன். ஒரு பக்கம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அதை நிரப்பி, வட்டம் தவறாமல் செய்து அன்று மாலையே மாட்டிவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா தாழ்வாரத்தில் ஓட்டிப் பார்த்தார். நேராகப் பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரியில் போய் மோதினார். கட்டைவிரல் வழுக்கியது. அவருக்கு அந்த ஒரு விரலில்தான் பலம். நான் நிரப்பிய பள்ளம், பதினொரு வருடமாக அந்த விரல் உட்கார்ந்த இடம். எனக்கு வெட்கமாகிவிட்டது.

குமிழைக் கழற்றி என் கையில் வைத்தார். "புதுசு வேணாம் தம்பி. பழசையே செஞ்சு குடுங்க."

மறுநாள் காலை, பள்ளத்தில் கை வைக்காமல் செய்து கொண்டுபோனேன். அவசரத்தில் கையிலிருந்தது மைலோ இழைதான். அக்கா விரலை வைத்தார். அலமாரியை ஒட்டி அழகாக வளைந்து, லிஃப்ட் வாசலில் போய் நிறுத்தினார். கலரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நானாகவே கேட்டேன்.

"நாளைக்கு வேலைக்குப் போறேன் லா. கலரை யாரு பார்த்தா?"

பொருள் சுற்றித் திரும்பி வந்தால் சுழற்சிப் பொருளாதாரம் என்று கருத்தரங்கில் கைதட்டுகிறார்கள். என் கடைக்குத் திரும்பி வந்தால் மட்டும் அதற்குப் பெயர் கம்ப்ளெயின்ட்.