மதுரைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போன நாள்

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். நான் அப்போது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டர். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. அவர் ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் அறையில் இருந்தார். அந்த அறையை விட்டு அவரை வெளியே எடுப்பதற்குத்தான் கம்ப்யூட்டர். தீபாவளி சீசனில் அச்சகத்தால் முடிக்க முடியாத வேலையை வீட்டில் வைத்தே செய்து தரலாம் என்று எங்கள் முதலாளி சொல்லியிருந்தார். நான் வடிவமைப்பது, என் கணவர் அச்சகங்களுக்கு அலைந்து ஆர்டர் பிடிப்பது, பிழை பார்ப்பது என்று பேசிவைத்திருந்தோம்.

பெரிய கம்பெனிகள் முழுதாகப் பெட்டியில் போட்டு விற்கும் கம்ப்யூட்டர் எங்களுக்கு எட்டாது. அடிமட்டத்தில் ஒன்றை வாங்கினால், பெரிய லேபிள் ஒன்றைத் திறந்ததுமே மூச்சு வாங்கும். ஆகவே பாகங்களைத் தனித்தனியாகப் பொறுக்கி, கடையில் பூட்டித் தரச் சொல்வதுதான் வழி. எதில் கையை இறுக்குவது, எதில் தாராளமாக இருப்பது என்பதே பல வாரங்களுக்கு எங்கள் சாயங்காலப் பேச்சாக இருந்தது. அவர் வேலையிலிருந்து வந்து, கொல்லையில் நின்று உடம்பில் படிந்த மருந்தின் வெள்ளிப் பொடியெல்லாம் போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, தட்டைப் போட்டு உட்காருவார்.

“ராம்னா என்ன? அது எதுக்கு இம்புட்டு வேணும்?”

“வேலை செய்யும்போது சாமானையெல்லாம் பரப்பி வைக்கிற எடம்னு வச்சுக்கோங்க. எடம் பத்தலைன்னா ஒண்ணு மேல ஒண்ணு கெடந்து எல்லாம் மெதுவாயிரும்.”

“அப்ப எங்க ரூம் மாதிரி. நாலு பேரு இருக்க வேண்டிய எடம். சீசன்ல ஏழு பேரு, எட்டுப் பேரு ஒக்காந்திருப்போம்.” சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். “ராம் கூடவே போட்டுக்கோ.”

பிராசசரில் நடுத்தரம் போதும் என்றேன். கிராஃபிக்ஸ் கார்டு தனியாக வேண்டாம், நாங்கள் விளையாடப் போவதில்லை. மானிட்டரில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தட்டையான புது மானிட்டர்கள் அப்போதுதான் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் தூக்கி வர லேசாக இருக்கும் என்று அவருக்கு அதன் மேல் ஆசை. எனக்கு நிறம் முக்கியம். எங்கள் முதலாளி அப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே அதில் சிவப்பு ஆரஞ்சாகிவிடும். பட்டாசு லேபிளில் சிவப்பு மாறினால் அச்சடித்த தாள் முழுவதும் வீண். பழைய மாதிரிக் கண்ணாடிக் குழாய் மானிட்டர்தான், கனமாக இருந்தாலும் பரவாயில்லை என்று நின்றேன். அவர் கடைசியில், “சரி, நான்தான சொமக்கப் போறேன்” என்று விட்டுக்கொடுத்தார்.

மதுரையில் கம்ப்யூட்டர் கடைகள் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் வேலை நாள் ஒன்றில் அவர் லீவு எடுத்தார். மருந்து அறையில் ஓர் ஆள் குறைந்தால் போர்மேன் முணுமுணுப்பார் என்பதால், எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு பையனை அவரே ஏற்பாடு செய்தார். பையன் என்கிறேன், அவனுக்கும் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தது. அதே ஆலையில் பேக்கிங் பகுதியில் இருந்தான். முதல் நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பேசிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு ஒரு நாள் என் எடத்துல இருந்துக்கிடு” என்றார் அவர். “கைய மட்டும் நிதானமா வை. அவசரப்படாத.”

“நான் பாத்துக்கிடுதேண்ணே. நீங்க நல்லதா பாத்து வாங்கிட்டு வாங்க. எங்க வீட்லயும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்கா.”

மறுநாள் காலை, வேறு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகே ஒரு சந்தில் கடை. கடைக்காரர் எங்களை உட்காரவைத்து ஒவ்வொரு பாகமாக மேசையில் எடுத்து வைத்தார். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், சி.டி. ரைட்டர். பவர் சப்ளையில் விலை குறைந்த ஒன்றை எங்களிடம் தள்ளப் பார்த்தார். எங்கள் பக்கம் கரண்ட் ஏறி இறங்கும், ஒரு தடவை அடித்தால் போர்டே போய்விடும் என்று சொல்லி நல்லதாகக் கேட்டேன். யு.பி.எஸ்.ஸும் சேர்த்து வாங்கினேன். கேபினட் பார்க்கும்போது, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே நீல விளக்கு எரிகிற ஒன்றைக் காட்டினார். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த ஓட்டை வழியா தூசி போகுமாங்க?”

“கொஞ்சம் போகத்தாங்க செய்யும். மாசத்துக்கு ஒருக்கா துடைச்சாப் போதும்.”

“எங்க வீட்டுத் தூசி வேற” என்றார் அவர். “அலுமினியப் பொடி. துணியில ஒட்டி வந்துரும். அதுல கரண்டு பாயும்லா?”

கடைக்காரர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓட்டைகள் குறைவான சாதாரணக் கறுப்புக் கேபினட் ஒன்றை உள்ளேயிருந்து கொண்டுவந்தார்.

பூட்டத் தொடங்கினார்கள். பிராசசரை வைத்து, மேலே பசை தடவி, விசிறியை அழுத்தி மாட்டும்போது என் கணவரின் செல்போன் அடித்தது. அவருடைய அண்ணன். எதிரில் இருந்த எனக்கே அந்தக் குரல் கேட்டது.

“ஏலே, நீதானா பேசுதே?”

“நான்தாண்ணே.”

“நீதானாலே?”

“நான்தாம்ணே. மதுரையில இருக்கேன். என்ன?”

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். பிறகு அண்ணன் சொன்னார், “ஒங்க ரூமு வெடிச்சுப் போயிருச்சுலே.”

“உள்ள இருந்தவுக?”

“ஒருத்தரும் மிஞ்சல. அம்மா ஆலை வாசல்ல கெடந்து உருண்டு அழுதுக்கிட்டு இருக்கு. நீயும் போயிட்டேன்னுதாம்லே சொன்னாக.”

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். என்னிடம், “அவன் என் எடத்துல இருந்தான்” என்றார்.

கடைக்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். “நீங்க கெளம்புங்கம்மா, இன்னொரு நாள் வந்து எடுத்துக்கிடலாம்” என்றார். நானும் எழுந்துவிட்டேன். என் கணவர் எழவில்லை.

“முடிங்க” என்றார். “எல்லாத்தையும் பூட்டி முடிச்சுக் குடுங்க.”

அவர்கள் தயங்கிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு திருகாணியையும் பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே இருந்தார். ஏன் அப்படி இருந்தார் என்று பல மாதங்கள் கழித்து ஒருநாள் கேட்டேன். “பஸ் ஏறுனா ஊருக்குப் போயிருவோமே” என்றார்.

திரும்பும்போது மானிட்டர் பெட்டி டிரைவருக்குப் பின்னால் கிடந்தது. கேபினட்டை என் கணவர் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது ஏறியவர்கள் எல்லாரும் விபத்தைப் பற்றியே பேசினார்கள். எந்த ஆலை, எத்தனை பேர், அடையாளம் தெரிகிறதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது எங்கள் வீட்டு வாசலில்தான் கூட்டம் இருந்தது. யாரோ பெஞ்சு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தெருப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து என் மாமியாரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லியும் அவரும் நம்பவில்லை, கூட்டமும் நம்பவில்லையாம். நாங்கள் பெட்டிகளோடு வருவதை முதலில் ஒரு பெண் பார்த்தாள். அழுகை அப்படியே அறுந்தது. என் மாமியார் எழுந்து ஓடிவந்து மகனின் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார்.

கூட்டத்தில் அந்தப் பையனின் மனைவியும் இருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு இழவுக்கு வந்து அழுதுகொண்டிருந்தாள். தன் புருஷன் பேக்கிங் பகுதியில்தான் இருக்கிறான், அந்தப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறாள். இடம் மாறியதை அவன் வீட்டில் சொல்லவில்லை. அவள் என் கணவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். “அப்ப அங்கன யாரு இருந்தது?” என்று கேட்டாள்.

அவளுக்கே புரிந்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தெருக் கோடியில் இருந்த அவள் வீட்டுக்கு நடந்தார்கள். பெஞ்சையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கம்ப்யூட்டரைப் பிரிக்காமல் மூலையில் வைத்திருந்தோம். கருமாதி நெருங்கியபோது அவளும் அவள் அண்ணனும் வந்தார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும். அச்சகங்களில் தீபாவளி லேபிள் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு இடத்திலும் வடிவமைத்துத் தர ஆள் இல்லை. என்னிடம் இருக்கிறதே என்று வந்திருந்தார்கள். அன்றுதான் பெட்டிகளைப் பிரித்து ஒயர்களைச் செருகினேன். அவர்கள் வருவதைப் பார்த்ததுமே என் கணவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அவனுடைய படம் என்று இருந்தது கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்றுதான். இருவரும் நிற்கிறார்கள். அவள் கை அவன் முழங்கையைப் பற்றியிருந்தது. அச்சகத்தில் ஸ்கேன் செய்து சி.டி.யில் கொண்டுவந்து திறந்தேன். படம் ஒரு நொடியில் திறந்தது. நாங்கள் பேசிப் பேசிச் சேர்த்த கம்ப்யூட்டர் முதல் தடவையாக வேலை செய்வதைப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“என் கைய எடுத்துருவீகளா மதினி?”

“எடுக்கணும்ல.”

“எடுங்க.”

அவள் விரல்கள் இருந்த இடத்தில் அவன் சட்டைத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மூடினேன். அவள் அண்ணன், எல்லாரும் போடுகிற மாதிரி வெள்ளைச் சட்டை மாற்றிவிடச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். “அந்தச் சட்ட நான் எடுத்துக் குடுத்தது. அப்பிடியே இருக்கட்டும்.” பெயரையும் மறைந்த தேதியையும் அடித்து, அவளுக்குப் படித்துக் காட்டினேன். கிளம்பும்போது மானிட்டரை ஒரு தடவை பார்த்தாள்.

“மிஷினு நல்லாத்தான் ஓடுது” என்றாள்.

அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாரம் அதே அறையில் இறந்த மற்றவர்களின் வீடுகளிலிருந்தும் வந்தார்கள். எல்லாருக்கும் நான்தான் வடிவமைத்தேன். போஸ்டர்கள் பஸ் ஸ்டாப் சுவரில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. என் கணவர் அந்தப் பக்கம் போவதை நிறுத்தி, சுற்றுவழியாகப் போய்வந்தார்.

அந்த ஆலையை மூடி சீல் வைத்தார்கள். வீட்டில் ஆர்டர் வரத் தொடங்கியது. பிழை பார்க்க அவரைக் கூப்பிடுவேன். வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு வரி படித்துவிட்டு எழுந்துவிடுவார். அடுத்த வெயில் காலம் முடிவதற்குள் வேறொரு ஆலையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அதுவும் மருந்து அறைதான்.

“அதுக்கா இதெல்லாம் வாங்குனோம்?” என்று கேட்டேன்.

“இதுக்கு முன்னால ஒக்காந்தா அவன் மூஞ்சிதான் வருது. அங்கன ஒண்ணும் வரல. கை வேலை பாக்குது, மனசு சும்மா கெடக்கு.”

நான் அழுதேன், சண்டை போட்டேன், என் அப்பாவை விட்டுப் பேசச் சொன்னேன். அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். அவர் திரும்பி வருகிற சத்தம் வாசலில் கேட்கும்வரை நான் தட்டில் கை வைக்க மாட்டேன். வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தது. பிறகு இருமல் பிடித்து, அந்த அறையில் உட்கார முடியாமல் போய், ஆலையின் வாட்ச்மேனாக மாறினார். அவர் வெளியே வந்தது அப்படித்தான். கம்ப்யூட்டரால் அல்ல.

அந்தப் பையனின் மனைவியும் வேலைக்குப் போனாள், வேறோர் ஆலையின் பேக்கிங் பகுதியில். வேறு என்ன செய்வாள்? மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வருவாள், படம் ஏதாவது பிரின்ட் எடுக்க. அவள் குரல் கேட்டாலே என் கணவர் எழுந்து கொல்லைக்குப் போவார். அவளும் அதைக் கவனிக்காத மாதிரி இருப்பாள்.

ஒரு தடவை அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அவள் வந்ததும் எழ முயன்றார். முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இருங்கண்ணே” என்றாள் அவள். “நீங்க எங்க போறீக? நான் இந்தா எடுத்துட்டுப் போயிருதேன்.”

அவர் உட்கார்ந்தார். பிரின்டரிலிருந்து தாள் மெதுவாக வெளியே வந்தது. மகளின் பாடத்துக்காக ஒரு மயில் படம். மை குறைவாக இருந்ததால் கழுத்து நீலம் வெளிறிப் போயிருந்தது. இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டேன். போதும் என்று சொல்லி, தாளைச் சுருட்டிக்கொண்டு அவள் போனாள்.