தாலியில் கோத்த ஊக்கு

குருவம்மாள் அத்தையின் இரண்டு விரல்கள் ஒரு பெண்ணின் கொண்டைக்குள் நுழைந்து ஹேர்பின்னோடு வெளியே வந்தன. "இது என்னது, தானா முளைச்சிருச்சா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், பிடிபட்டவளும் சேர்ந்து. ஹேர்பின் பிளாஸ்டிக் டப்பாவில் விழுந்தது. அடுத்தவள் சேலையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். கொலுசு இல்லை. "போ மகராசி. பத்திரம்."

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசல். வேலைக்குப் போகிற பெண்களைத் தடவிப் பார்த்து உள்ளே விடுவது அத்தையின் வேலை. செல்போன், கொலுசு, ஊக்கு என்று உரசலுக்கோ பொறிக்கோ இடம் கொடுக்கும் எதுவும் உள்ளே போகக்கூடாது. வாய் ஊர்க்கதை பேசும், கை அதன் போக்கில் தேடும். காரியாபட்டியில் ஒரு கல்யாணப் பந்திக்கு முண்டியடித்த கூட்டத்தில், முன்னால் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் கொண்டையைக் கலைத்துவிட்டார். அவள் அலறினாள். "கோவிச்சுக்கிடாத தாயி, கை வேலைக்குப் போயிருச்சு" என்றார் அத்தை. அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை விட அத்தையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அவர் உடம்பில் உலோகம் கிடையாது. ரவிக்கைக்கு ஹூக்குக்குப் பதில் நாடா. வீட்டுச் சாவியைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

எங்களுக்கும் அவருக்கும் நாரணாபுரத்தில் ஒரே தெரு. அம்மா அய்யம்மாளுக்கு அவர் மதினி முறை. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். கழுத்து மட்டும் அவர் கைக்கு விலக்கு. எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிக்கயிற்றில் ஊக்குக் கோத்து வைத்திருப்பார்கள். சேலை கிழிந்தால், முள் குத்தினால் உதவும். விதிப்படி அதையும் கழற்ற வேண்டும். அத்தையின் கை தலை பார்க்கும், இடுப்பு பார்க்கும், கால் பார்க்கும். கழுத்தருகே வந்தால் திரும்பிவிடும். "அறுத்தவ கை, சுமங்கலி தாலியில படலாமா?" என்பார். பெண்களுக்கு அது பிடித்திருந்தது. "எங்க மதினிய மாதிரி மரியாத தெரிஞ்ச ஆளு எந்தக் கம்பெனியில இருக்கு?" என்று அம்மா பெருமையடிப்பாள்.

போன சீசனில் ஒரு நாள், அத்தை அப்போது நின்ற வேறொரு கம்பெனி வாசலில், அம்மா அந்தக் கையைக் கடந்து உள்ளே போனாள். அவள் இருந்த அறை வெடித்தது. அந்த அறையிலிருந்து யாரும் திரும்பவில்லை. அம்மாவின் தாலியையும் அதில் கருகிக் கிடந்த ஊக்கையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

நான் ஓசூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். உடைந்து வருகிற பாகம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதிகாரிகளின் அறிக்கையை அந்தக் கண்ணோடு படித்தேன். அனுமதித்ததைவிட அதிகம் பேர் அறையில் இருந்திருக்கிறார்கள். முந்தின நாள் கலந்த வெடிமருந்து மிச்சம் இருந்திருக்கிறது. தகரக் கூரை, சித்திரை வெயில். ஊக்கும் ஒரு சாத்தியம். அதுதான் காரணம் என்று சொல்லத் தடயம் இல்லை.

தெருவுக்குச் சாத்தியங்கள் வேண்டியதில்லை, ஆள் வேண்டும். முந்தின நாள்வரை மரியாதை என்று பெயர் வாங்கிய அதே செய்கைக்கு மறுநாள் கொலை என்று பெயர் வைத்தார்கள். அப்பா அத்தை வீட்டுப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். முதலாளி அவரைத் தன்னுடைய விஸ்வநத்தம் கம்பெனி வாசலுக்கு மாற்றினார்.

நாங்கள் விருதுநகரில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் எளிதாகச் சொன்னார். வாசலில் நிற்கிறவர் பார்க்காமல் விட்டது முதலாளியின் பொறுப்பு. அம்மா ஒளித்துக் கொண்டுபோயிருந்தால் பழியில் பங்கு அம்மாவுக்கு. மேனேஜர் ரத்தினசாமி அத்தைக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார்: "நல்லாப் பாத்தேன். அவதான் மறைச்சு வச்சிருக்கா." அதைச் சொன்னால் அத்தை மேல் குற்றமில்லை, வேலையும் நிலைக்கும். அம்மா ஏமாற்றுக்காரி ஆவாள்.

விசாரணைக்கு முந்தின வாரம்தான் நான் விஸ்வநத்தம் வாசலுக்குப் போனேன். இப்போது கழுத்து முறை வந்ததும் அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். "நீயே எடுத்துக் காட்டு தாயி. இருந்தா நீயே கழட்டிப் போடு." அவ்வளவுதான். முன்பே செய்திருக்கலாம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வரிசை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"ஓசூர்ல சோறெல்லாம் எப்படித்தா? எலும்பாத் தெரியிறே."

"சாப்பிடுறேன் அத்தை."

"நான் அங்கன என்ன சொல்லணும்கிறே?"

"பாத்ததைச் சொல்லுங்க."

"பாக்கலையே. அதான வினையே."

விசாரணையில் கம்பெனி தன் சாட்சியாக அவரைக் கூண்டில் ஏற்றியது. அய்யம்மாளைச் சோதித்தீர்களா என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

"தலை, இடுப்பு, காலு பாத்தேன்யா."

"முழுவதும் சோதித்தீர்கள், அப்படித்தானே?"

ரத்தினசாமி தொண்டையைச் செருமினார்.

"கழுத்தப் பாக்கலய்யா. எந்தப் பொம்பளைக்கும் பாத்ததில்ல."

வக்கீலின் குரல் மாறியது. "அப்படியானால் அந்த அம்மா செத்தது உங்களால்தானா?"

என் வக்கீல் எழுந்தார். அதற்குள் அத்தை பதில் சொல்லிவிட்டார். "அது எனக்குத் தெரியலய்யா. தினமும் நெனச்சுப் பாக்கேன், தெரியல. ஆனா அவ மறைக்கல. வெளிய தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் வந்தா. நான்தான் கண்ணத் திருப்பிக்கிட்டேன்."

வெளியே அவரை அழைத்து வந்த கம்பெனி வேன் நின்றது. முன்சீட்டில் ரத்தினசாமி. அத்தை வேனைத் தாண்டி, வெயிலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். நான் தள்ளியே நடந்தேன். பாராட்டவும் வாய் வரவில்லை, திட்டவும் வரவில்லை.

சிவகாசி பஸ் கிளம்பும் நிலையில் இருந்தது. அத்தை முண்டி ஏறி, இருவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் படியருகே கீழேயே நின்றேன். கூடை வைத்திருந்த ஒரு பெண் அவர் பக்கத்தில் குனிந்து, "ஆள் வருதாக்கா?" என்று கேட்டாள்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலி இடத்தில் தன் துணிப்பையை வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார்.